நாற்றங்கால் என்ற சொல்லுக்காக வாங்கிய நூல்: ஓர் அரிய நூல் கடை பற்றிய மதிப்புரை

கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றும் எங்கள் குருமடத்தில் பயின்று இப்போது பல மறைமாவட்டங்களில் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் நூலகத்துக்கென ஒரு தொகையைத் திரட்டிக் கொடுத்தபோது, அலமாரி வாங்கலாம் என்றும் கணினி வாங்கலாம் என்றும் பல யோசனைகள் எழுந்தன. இருபது ஆண்டுகளாக அங்கே இலத்தீன் கற்பித்து, நூலகத்தையும் கவனித்து வருகிற நான் வேறொன்றைக் கேட்டேன். குருமடம் என்ற அமைப்பு எந்த ஆணையினால் கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்கும் பொதுவானதோ, அந்த ஆணையைத் தாங்கிய பழம்பதிப்பு ஒன்று மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதிபர் இசைந்தார். ஐரோப்பாவின் சிறு நகரம் ஒன்றில் குடும்பத் தொழிலாக நடக்கும் அரிய நூல் கடையொன்றில், கத்தோலிக்க ஆயர்கள் 16ஆம் நூற்றாண்டில் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் சட்டங்களும் ஆணைகளும் அடங்கிய, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசில் அச்சான சிறிய பதிப்பு ஒன்றை வாங்கினோம். கடையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தகைய நூல்களைத் தேடும் நூலகர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கடையின் பெயரைவிட, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதே பயன்படும்.

நாங்கள் தேடிய பகுதி, சங்கத்தின் 23ஆம் அமர்வு 1563 ஜூலை 15 அன்று நிறைவேற்றிய சீர்திருத்த ஆணையின் 18ஆம் அதிகாரம். இளம் பருவம் நேரிய முறையில் பயிற்றப்படாவிட்டால் உலக இன்பங்களின் பின்னே செல்லும் இயல்புடையது என்று தொடங்கும் அந்த அதிகாரம், ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் வசதிக்கேற்பச் சிறுவர்களை ஓரிடத்தில் வைத்து உணவளித்து, இறைப்பற்றிலும் திருச்சபைக் கல்வியிலும் வளர்க்க வேண்டும் என்கிறது. குறைந்தது 12 வயது நிறைந்தவராகவும், முறையான திருமணத்தில் பிறந்தவராகவும், எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும் இருப்போரையே சேர்க்க வேண்டும். இலக்கணம், பாடல், திருநாள்களைக் கணிக்கும் முறை, திருமறைநூல், புனிதர்களின் மறையுரைகள், திருமுழுக்கு போன்ற அருள்சாதனங்களை நிறைவேற்றும் முறை, அவற்றுள்ளும் சிறப்பாகப் பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் குருவிடம் செய்யும் பாவ அறிக்கை, கேட்கும் முறை ஆகியவற்றை அவர்கள் கற்க வேண்டும். அன்றாடம் திருப்பலி காண வேண்டும். மாதம் ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். இதற்கான செலவை ஆயரின் வருமானத்திலிருந்தும் பேராலயக் குழுவின் வருமானத்திலிருந்தும் பிற திருச்சபை மானியங்களிலிருந்தும் ஒரு பங்கு பிரித்து ஈடுகட்ட வேண்டும். இந்தக் கல்லூரி இறைப்பணியாளர்களின் நிலையான 'செமினாரியும்' ஆக இருக்கட்டும் என்று ஆணை சொல்கிறது. அந்த இலத்தீன் சொல்லுக்கு விதைத்து நாற்று வளர்க்கும் இடம் என்று பொருள். நம் ஊரில் எந்த விவசாயியைக் கேட்டாலும் நாற்றங்கால் என்றுதான் சொல்வார். செமினாரி என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிற நம் மாணவர்களுக்கு அந்தச் சொல்லுக்குள் வயல் இருப்பது தெரிவதில்லை. இந்த நூலை வாங்க நான் பிடிவாதமாக நின்றதற்கு அதுவே முதற்காரணம்.

கடையைத் தேர்ந்ததற்குக் காரணம் அவர்களுடைய விற்பனைப் பட்டியல். குருத்துவப் பயிற்சி தொடர்பான தொடக்ககால அச்சு நூல்களை மட்டும் தனியே தொகுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளாக வெளியிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிவிலும் விலைக்கும் அளவுக்கும் மேலாக, அந்த நூல் இந்த வரிசையில் ஏன் இடம்பெறுகிறது என்பதற்கு ஒரு பத்தி விளக்கம் இருந்தது. கான்டர்பெரிப் பேராயராக இருந்த கர்தினால் ரெஜினால்ட் போலின் இங்கிலாந்துச் சீர்திருத்த ஆணைகளை அவர்கள் விளக்கியிருந்த விதம் ஒன்றே அவர்களுடைய அறிவுக்குச் சான்று. 1556இல் இங்கிலாந்தில் நிறைவேறிய அந்த ஆணைகளில், பேராலயப் பள்ளிகளைக் குருக்களுக்கான நாற்றங்காலாக உருவகிக்கும் சிந்தனை முன்னமே இருக்கிறது. கர்தினால் போல் 1558இல் இறந்துவிட்டார். 1562இல் உரோமையில் அச்சாளர் பவுலுஸ் மனூசியுஸ் அந்த ஆணைகளை அச்சிட்டபோது திரெந்து சங்கம் மீண்டும் கூடியிருந்தது. அடுத்த ஆண்டே அச்சொல் பொதுச்சங்கத்தின் ஆணைக்குள் வந்தது. அந்த நூலின் விலை எங்கள் தொகையைப் போல் பல மடங்கு. எனினும் அந்தப் பதிவைப் படித்ததே எனக்கு ஒரு பாடமாக இருந்தது. அதை அப்படியே வகுப்பிலும் சொன்னேன்.

பட்டியலின் மற்றப் பகுதிகளும் தேர்ந்த கையால் ஆனவை. பங்குக் குருக்களுக்கென்றே தலைப்பில் குறித்து, திருத்தந்தை ஐந்தாம் பயஸ் காலத்தில் 1566இல் வெளிவந்த திரெந்து மறைக்கல்வி நூலின் பிற்காலப் பதிப்புகள் சில இருந்தன. நம்பிக்கை அறிக்கை, அருள்சாதனங்கள், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் என நான்கு பகுதிகளாக அமைந்த அந்நூலை, மக்களுக்கு எதைக் கற்பிப்பது என்று தெரியாமல் தவித்த குருக்களுக்கான கைந்நூல் என்றே சொல்ல வேண்டும். மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ அங்கே நடத்திய ஆயர், குருக்கள் சங்கங்களின் ஆணைகளையும் அறிவுரைகளையும் தொகுத்து 1582இல் வெளிவந்த பெருநூலின் பிற்காலப் பதிப்பு ஒன்றும் இருந்தது. 1669இல் உரோமையில் மறைப்பணிகளைக் கவனிக்கும் திருத்தந்தையின் துறையான விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் அச்சகம் வெளியிட்ட, சீனம், தோங்கின் (வட வியட்நாம்), கொச்சின்சீனா (தென் வியட்நாம்), சயாம் (தாய்லாந்து) ஆகிய நாடுகளின் மறைப்பணியாளர்களுக்கான அறிவுரை நூலையும் அங்கே கண்டேன். சயாமின் அயுத்தியாவில் கூடிய பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் வகுத்த நூல் அது. அவர்களுடைய பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபைதான் 1776இல் புதுச்சேரி மறைப்பணியையும் ஏற்றது என்பதால், நமக்கு அது முற்றிலும் அயலான நூல் அன்று.

நாங்கள் தேர்ந்த நூலுக்கு அஞ்சல் செலவு நீங்கலாக 480 யூரோ விலை சொன்னார்கள். 1564இல் மனூசியுஸ் உரோமையில் வெளியிட்ட பெரிய அளவிலான அதிகாரபூர்வப் பதிப்பைப் போல இது அரிதானது அன்று. அந்தப் பதிப்பின் சில படிகளில் சங்கத்தின் செயலர் ஆஞ்சலோ மஸ்ஸரெல்லியும் நோட்டரிகளும் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அத்தகைய படிகள் பெரும் நூலகங்களுக்கே உரியவை. அதன் பிறகு ஐரோப்பாவின் அச்சு நகரங்கள் பலவற்றிலும் வெளிவந்த கையடக்கப் பதிப்புகள் குருக்களும் மாணவர்களும் அன்றாடம் புரட்டுவதற்காக அச்சானவை. என்னைக் கேட்டால், குருமட நூலகத்துக்கு இந்தப் பதிப்பே பொருத்தம். கையெழுத்திட்ட படி சட்டத்துக்குச் சான்று. கையடக்கப் படியோ அந்தச் சட்டம் ஒரு குருவின் அங்கிப் பைக்குள் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று.

பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்டேன். முதலாவது, நூல் யாரிடம் இருந்து வந்தது. ஐரோப்பிய மடங்களின் நூல்கள் சந்தைக்கு வந்ததற்கு நேர்மையான காரணங்கள் உண்டு: 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது, நெப்போலியன் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன, 1866இல் இத்தாலிய அரசு துறவுச் சபைகளின் உடைமைகளைக் கையகப்படுத்தியது. திருட்டும் உண்டு. நேப்பிள்ஸ் நகரின் ஜிரோலமினி நூலகத்திலிருந்து நூல்கள் பெருமளவில் களவுபோனது 2012இல் வெளிப்பட்ட பிறகு, மூலம் தெரியாத மட நூலை வாங்குவது ஒரு குருமடத்துக்கு அழகன்று. கடைக்காரர் தாம் நூலை வாங்கிய ஏலத்தின் விவரத்தையும், ஏற்றுமதி அனுமதியின் படியையும், பன்னாட்டு அரிய நூல் விற்பனையாளர் கூட்டமைப்பின் களவு நூல் பதிவேட்டில் தேடிப் பார்த்ததற்கான குறிப்பையும் கேட்ட மறுநாளே அனுப்பினார். தலைப்புப் பக்கத்தில் ஒரு பழைய உடைமைக் குறிப்பு கருமையால் அடிக்கப்பட்டிருப்பதையும், அதில் 'செமின்' என்ற எழுத்துகள் வரையே படிக்க முடிவதையும், ஊர்ப்பெயரை ஊகித்துச் சொல்லத் தாம் விரும்பவில்லை என்பதையும் எழுதியிருந்தார். ஒரு புகழ்பெற்ற ஊரின் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் விலையைக் கூட்டியிருக்கலாம். அந்த அடக்கம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டாவதாக, நூல் முழுமையானதா என்று கேட்டேன். முழுமையானது என்று ஒரே சொல்லில் விடை வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அது என் பிழை.

பொதி பன்னிரண்டு நாள்களில் வந்தது. காற்றடைத்த உறையும் அதற்குள் கெட்டி அட்டைப்பெட்டியும், அதற்குள் அமிலம் நீக்கிய தாளில் சுற்றிய நூலுமாக, கைக்குழந்தையைப் பொதிவது போலப் பொதிந்திருந்தார்கள். நூல் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. பதப்படுத்திய கன்றுத்தோலால் ஆன மென்கட்டு. அதன் முதுகில் யாரோ பழுப்பு மையால் தலைப்பை நெடுக்காக எழுதியிருக்கிறார்கள். தாள் கந்தல் துணிக்கூழால் ஆனது. மரக்கூழ்த் தாளில் அச்சான, எழுபது ஆண்டுகூட ஆகாத எங்கள் நூல்கள் தொட்டால் நொறுங்கும்போது, நானூறு ஆண்டைக் கடந்த இந்தத் தாள் புரட்டும்போது துணி போலச் சலசலக்கிறது. முதல் பத்து இதழ்களின், அதாவது இருபக்கத் தாள்களின், மேல் விளிம்பில் நீர்க்கறை இருக்கிறது. உள் ஓரத்தில் இரண்டு பூச்சித்துளைகள் எழுத்தைத் தொடாமல் செல்கின்றன. இவை அனைத்தும் பட்டியலில் சொல்லியிருந்தபடியே இருந்தன.

18ஆம் அதிகாரம் உள்ள இதழைத் தேட எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நூலை மேசையில் தளர்வாக வைத்தாலே அந்த இடத்தில் திறந்துகொள்கிறது. அந்த இதழின் கீழ் வலது மூலை, பல கட்டைவிரல்கள் பட்டுப் பட்டு, தேநீர்க் கறை போல நிறம் மாறியிருக்கிறது. ஓரத்தில், மணிக்கட்டில் மடிப்பு வைத்த சட்டைக்கை ஒன்றும் நீண்ட சுட்டுவிரலுமாக, மையால் ஒரு சிறு கை வரையப்பட்டிருக்கிறது. முக்கியமான வரியைச் சுட்டுவதற்கு அக்கால வாசகர்கள் இப்படிக் கை வரைவது வழக்கம். இந்தக் கை சுட்டும் வரி, ஏழைகளின் பிள்ளைகளையே முதன்மையாகத் தேர்ந்தெடுக்கச் சங்கம் விரும்புகிறது, செல்வரின் பிள்ளைகளை விலக்கவும் இல்லை, அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றால் போதும் என்ற வரி. அதை வரைந்தவர் ஏழை மாணவரா, மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவரா என்பதை அந்தக் கை சொல்லவில்லை. கடையின் பட்டியலிலும் அந்தக் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கறைகளையும் துளைகளையும் எண்ணிச் சொன்னவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பே. நூல் வணிகத்தில் இத்தகைய குறிப்புகளைக் குறைகளின் வரிசையில் சேர்க்கும் பழைய பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை.

குறைக்கு வருகிறேன். பழைய நூல் கைக்கு வந்ததும் இதழ்களைச் சரிபார்ப்பது என் வழக்கம். அக்காலத்தில் பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு, மடித்து, அந்த மடிப்புத் தொகுதிகளை வரிசையாகத் தைப்பார்கள். தைப்பவர் வரிசை தவறாமலிருக்க ஒவ்வொரு தொகுதியின் அடியிலும் ஓர் எழுத்து மடிப்புக் குறியாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த எழுத்து வரிசை 23 எழுத்துகளைக் கொண்டது; இன்றைய ஆங்கில நெடுங்கணக்கின் மூன்று எழுத்துகள் அதில் இல்லை. அதோடு, பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே அடுத்த பக்கத்தின் முதற்சொல்லும் தனியே அச்சாகியிருக்கும். சட்டங்களும் ஆணைகளும் உள்ள பகுதி முழுவதிலும் அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தின. இறுதியில் உள்ள பொருளடைவில் ஓரிடத்தில் 'மாத்ரிமோனியும்', அதாவது திருமணம், என்ற சொல் அடியில் நிற்க, அடுத்த பக்கம் 'பாரோக்கி', அதாவது பங்குக் குருக்கள், என்ற சொல்லோடு தொடங்கியது. இடையில் ஓர் இதழ் இல்லை. தையலுக்கு அருகே கத்தியால் வெட்டிய மெல்லிய விளிம்பு தெரிந்தது. இலத்தீன் அகரவரிசையில் குருப்பட்டம் பற்றிய பதிவுகள் வர வேண்டிய இடம் அதுவே என்பது எங்களுக்குக் கூடுதல் வருத்தம் தந்தது.

இதை ஒரு சிறு குறை என்று ஒதுக்க முடியாது. முழுமையானது என்று எழுத்தில் உறுதி சொன்ன பிறகு ஓர் இதழ் குறைவது, நல்லெண்ணம் உள்ள கடையிலும் சரிபார்ப்பு முறை தளர்ந்திருப்பதைக் காட்டுகிறது. படங்களோடும் மடிப்புக் குறிகளின் விவரத்தோடும் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் விடை வந்தது. பொருளடைவைத் தாம் இதழ் இதழாக எண்ணவில்லை என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். நூலைத் திருப்பி அனுப்பினால் இருவழி அஞ்சல் செலவோடு முழுத்தொகையும் தருவதாகவும், வைத்துக்கொண்டால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்புவதாகவும் எழுதினார்கள். நாங்கள் நூலை வைத்துக்கொண்டோம். சட்டைக்கை வரைந்த அந்த இதழைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 96 யூரோ ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்தது.

விடுபட்ட இதழை நிரப்ப மின்னுருப் படிகள் உதவின. மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகம் 16ஆம் நூற்றாண்டு நூல்களைப் பெருமளவில் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இத்தாலியில் அச்சான 16ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளுக்கு 'எதித் 16' என்ற கணக்கெடுப்பும், ஐரோப்பாவின் தொடக்ககால அச்சு நூல்களுக்கு ஸ்காட்லாந்தின் புனித ஆன்ட்ரூஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பொதுப் பட்டியலும் இருக்கின்றன. வாங்க நினைக்கும் பதிப்பை முதலில் இவற்றில் தேடி, எத்தனை இதழ்கள் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே கடைக்காரருக்கு எழுத வேண்டும். நாங்கள் அதே பதிப்பின் மின்னுருவிலிருந்து ஓர் இதழை நல்ல தாளில் அச்சிட்டு, நூலுக்குள் ஒட்டாமல் தனி உறையில் வைத்திருக்கிறோம். படிப்பதற்கு மட்டும் என்றால் மின்னுருப் படியே போதும், 480 யூரோ வேண்டியதில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆணையின் வாசகத்துக்கு அது உண்மை. ஆயினும் மின்னுருவில் நூல் தானாக ஓரிடத்தில் திறந்துகொள்வதில்லை.

பட்டியலில் நான் தேடியும் காணாதவை இருந்தன. அவை எந்தக் கடையிலும் கிடைக்காதவை என்பதால் அது கடையின் குறை அன்று. கோவாவில் உள்ளூர் இளைஞர்களுக்குக் கல்வி தருவதற்கென 1541இல், திரெந்து ஆணைக்கு இருபதாண்டுக்கு முன்பே, புனித விசுவாசக் குருமடம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் தூய பவுல் கல்லூரி ஆயிற்று. 1556இல் இந்தியாவின் முதல் அச்சகம் அந்தக் கல்லூரியில்தான் அமைந்தது. அங்கே முதலில் அச்சேறியது, மாணவர்கள் பொது அவையில் வாதிட்டு நிறுவ வேண்டிய கருத்துரைகளின் தொகுப்பு. அதாவது இந்திய மண்ணில் அச்சான முதல் நூலே குருத்துவப் பயிற்சிக்குரியது. அதன் ஒரு படிகூட எஞ்சவில்லை. அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அறிந்த போர்த்துகீசிய இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கஸ் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் தம்பிரான் வணக்கம் என்ற மறைக்கல்வி நூலை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், 1580இல் கொச்சியில் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூலை ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும்தான் காண முடியும். பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறையைச் சிறப்பாகக் கற்பிக்க வேண்டும் என்று திரெந்து ஆணையிட்டு 17 ஆண்டுகளுக்குள், அதே பொருளில் ஒரு நூல் தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்ட எங்களிடம் திரெந்து ஆணையின் மூலநூலும் தமிழ் நூலின் படநகலும் இப்போது இருக்கின்றன.

நூலைப் பேணும் முறை பற்றி கடை அனுப்பிய அச்சிட்ட குறிப்பு அவர்களுடைய தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டது. கடற்கரை ஊருக்கு அது போதாது. கன்றுத்தோல் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்; ஒரு பருவம் கவனிக்காவிட்டால் அட்டை வளைந்து நூலின் வாய் திறந்துகொள்ளும். இராமபாணப் பூச்சிக்குக் கந்தல் தாளும் பசையும் விருந்து. துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத மர அலமாரியில் படுக்கைவாட்டில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுகிறோம். வேப்பிலையை நூலுக்குள் வைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இலையின் கறை தாளில் இறங்கிவிடும். கையுறை தேவையில்லை, கழுவி உலர்த்திய கை போதும்.

இந்தக் கடையை நான் பரிந்துரைக்கிறேன். விளக்கத்தின் ஆழம், மூலம் பற்றிய நேர்மை, பொதியும் முறை, தவறை ஒப்புக்கொண்ட விதம் ஆகிய நான்கிலும் நான் பழகிய மற்றக் கடைகளைவிட அவர்கள் மேல். பதிவுக்கு ஆறு படங்கள் மட்டுமே தருவதும், மடிப்புக் குறிகளின் விவரத்தைக் கேட்காமல் தராததும் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவை. மீதமுள்ள தொகையோடு இன்னும் சிறிது சேர்த்து, திரெந்து மறைக்கல்வி நூலின் எளிய பதிப்பு ஒன்றை வாங்க எண்ணி, சென்ற வாரம் மீண்டும் அவர்களுக்கு எழுதினேன். இம்முறை விலையைக் கேட்பதற்கு முன்னால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை இதழ்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும், ஓரங்களில் மையால் எழுதியிருப்பவை அனைத்தின் படங்களையும் கேட்டிருக்கிறேன்.